தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோட ஜெர்மனி: அங்க போய் எப்படி ஒட்டுறது?

தண்டையார்பேட்டை அம்மா
ஞாயிறு, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். பொதுப் பகுதியில போடாம வடசென்னைப் பகுதியில இதைப் போடுறேன். அங்க கேட்டா விசா, வரி, டிக்கெட்னுதான் பதில் வரும். அதெல்லாம் அவர் ஆபீஸ்லயே பார்த்துக்கிறாங்க. எனக்கு நம்ம பக்கத்துலேர்ந்து கிளம்பிப் போனவங்க சொல்ற பதில் வேணும்.

அவருக்கு ஸ்டுட்கார்ட் பக்கத்துல வண்டி பாகங்கள் டிசைன் பண்ற வேலை உறுதியாயிடுச்சு. ப்ளூ கார்டு, அதாவது படிச்சவங்க வேலைக்குப் போறதுக்கு ஐரோப்பாவுல குடுக்கிற அனுமதி. ஜனவரியில சேரணும். பையனுக்கு 12 வயசு, ஏழாவது. பொண்ணுக்கு 7, ரெண்டாவது. மாமியார் எங்களோடதான் இருக்காங்க. "நீங்க போயிட்டு வாங்க, நான் இந்தத் தெருவை விட்டு எங்கயும் வரல"ன்னு சொல்லிட்டாங்க. நாத்தனார் புது வண்ணாரப்பேட்டையில இருக்கிறதால கொஞ்சம் தைரியம்.

நான் பி.காம். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுலயே டியூஷன். சாயந்திரம் அஞ்சு மணியானா மாடிப்படி முழுக்கப் புள்ளைங்க. கூட்டிட்டுப் போக வர்ற அம்மாங்க உடனே கிளம்ப மாட்டாங்க, கேட்டாண்ட நின்னு அரை மணி நேரம் பேச்சு ஓடும். அவருக்கு அங்க போனா ஆபீஸ் இருக்கு. புள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு. எனக்கு என்ன இருக்குன்னு யோசிச்சா ராத்திரி தூக்கம் வரல.

அவர் முன்னாடி போய் நாங்க பின்னாடி போறதா, எல்லாரும் ஒண்ணாவே கிளம்புறதா? பையன் வரவே மாட்டேன்னு அடம் பிடிக்கிறான், அவனுக்கு இங்க ஃபுட்பால் டீம்தான் உலகம். பொண்ணு எது சொன்னாலும் சரிங்குறா. எனக்கு அவளை நெனச்சாத்தான் இன்னும் பயமா இருக்கு.


ஷார்ஜா ராயபுரம்
ஞாயிறு, இரவு 11.02

வாழ்த்துகள் அக்கா. நமக்குக் கல்மண்டபம். இப்ப குடும்பத்தோட ஷார்ஜா. மனசு சம்பந்தப்பட்டதை மத்தவங்க நல்லா சொல்லுவாங்க, நான் பேப்பரை மட்டும் சொல்லிட்டுப் போறேன். ஆபீஸ்ல பார்த்துக்கிறாங்கன்னு விட்டுடாதீங்க. அவங்க பார்க்கிறது அவரோட பேப்பரை. உங்க பேப்பர், புள்ளைங்க பேப்பர் உங்க பொறுப்புதான்.

புள்ளைங்க பிறப்புச் சான்றிதழை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து பதிஞ்ச சான்றிதழ் நிறையத்துல குழந்தை பேரே ஏறியிருக்காது. பொறந்து 15 வருஷத்துக்குள்ள சேர்த்துக்கலாம். உங்களுக்கு மாநகராட்சியோட நாலாவது மண்டலம், தண்டையார்பேட்டை. கல்யாணத்தைப் பதிவு பண்ணலைன்னா அதையும் இப்பவே பண்ணிடுங்க. கோயில் ரசீதும் பத்திரிகையும் வெளிநாட்டுல எடுபடாது.

அடுத்தது பேரு. நம்ம வழக்கப்படி இன்ஷியலை விரிச்சா உங்க பேருக்குப் பின்னாடி அவர் பேரு, புள்ளைங்களுக்குப் பின்னாடியும் அவர் பேரு, அவருக்குப் பின்னாடி மட்டும் அவங்க அப்பா பேரு வரும். ஒரே குடும்பத்துல ஏன் ரெண்டு குடும்பப் பேருன்னு அந்த ஊர் கவுண்டர்ல கேட்பாங்க. அதுக்குத்தான் மேல சொன்ன ரெண்டு சான்றிதழும் எப்பவும் கையில இருக்கணும். பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் இருந்தா இப்பவே மாத்திடுங்க. 2022 நவம்பர்ல அமீரகம் ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு சொன்னப்ப எங்க பக்கம் எத்தனை குடும்பம் தவிச்சுதுன்னு கண்ணால பார்த்தேன்.

பொண்ணு பேர்ல செல்வமகள் சேமிப்பு போட்டிருந்தீங்கன்னா, வெளிநாட்டுவாசி ஆனப்புறம் அதைத் தொடர முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடி தபால் ஆபீஸ்ல பேசி முடிச்சுடுங்க. பி.பி.எஃப். இருந்தா அது முதிர்வு வரைக்கும் ஓடலாம். உங்க ரெண்டு பேர் சேமிப்புக் கணக்கையும் வெளிநாட்டுவாசிங்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும்.


தேக்கா கொருக்குப்பேட்டை
திங்கள், காலை 7.30

நான் கொருக்குப்பேட்டைப் பொண்ணு. வாக்கப்பட்டு வந்தது சிங்கப்பூர். என் ஓட்டு, எல்லாரும் ஒண்ணாவே போங்க.

அவர் முன்னாடி போனா என்ன ஆகும்னு எங்க பிளாக்லயே பார்த்திருக்கேன். ஆறு மாசத்துல அவருக்குக் கடை தெரியும், பஸ் தெரியும், நாலு நண்பர்கள் இருப்பாங்க. அப்புறம் வர்ற மனைவி அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஆயிடுவாங்க. பால் எங்க வாங்குறதுன்னுகூட அவர்கிட்ட கேட்டுத்தான் செய்யணும். அந்தப் பழக்கம் அப்படியே நின்னுடும்.

இங்க தமிழ் ஆட்சிமொழி. ரயில்ல தமிழ்ல எழுதியிருக்கு. தேக்கா சந்தையில வாழைப்பூ கிடைக்கும், ஸ்கூல்ல தமிழ் பாடம் இருக்கு. ஒட்டுறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்னு ஊர்ல எல்லாரும் நினைப்பாங்க. ஆனா 2021 மே 1-லேர்ந்து துணைவர் பாஸ்ல, அதாவது வேலை பார்க்கிறவரோட குடும்பம்னு வந்து இருக்கிறவங்க சம்பள வேலைக்குப் போகணும்னா தனியா வேலைப் பாஸ் வாங்கியாகணும், முன்னாடி மாதிரி ஒப்புதல் கடிதம் பத்தாது. எம்.எஸ்ஸி., பி.எட். படிச்சவங்க எங்க பிளாக்ல மத்தியானம் மூணு மணிக்கு லிஃப்ட் வாசல்ல நிக்கிறாங்க, ஸ்கூல் பஸ் வர்றதைத்தான் அன்னைக்கு முழுக்க எதிர்பார்த்திருப்பாங்க. நம்ம பாஷை பேசுற ஊர்லயே இப்படி. அதனால அக்கா, எனக்கு அங்க என்ன இருக்குன்னு கேட்டீங்களே, அதுதான் முதல் கேள்வி. உங்களுக்கு அங்க ஒரு வழி அமைஞ்சா மத்ததெல்லாம் பின்னாலயே வரும்.

ப்ளூ கார்டு மனைவிக்கு வேலை பார்க்கத் தடை இல்லன்னு கேள்வி. ஜெர்மனியில இருக்கிறவங்க உறுதி பண்ணுங்க.


எம்.சி. ரோடு
திங்கள், காலை 9.10

எம்.சி. ரோட்டுல ஸ்வெட்டரா வாங்கி மூட்டை கட்டாதீங்க. அந்தக் குளிருக்கு அங்கதான் வாங்கணும். நைட்டி, உள்பாவாடை, புள்ளைங்களுக்குப் பனியன், காட்டன் பெட்ஷீட், இதெல்லாம் மட்டும் இங்க எடுங்க.


லோகோ ஒர்க்ஸ் மருமகள்
திங்கள், மாலை 6.45

அக்கா, நான் பெரம்பூர். மாமனார் லோகோ ஒர்க்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். நாங்க இருக்கிறது ஸ்டுட்கார்ட்லேர்ந்து ரயில்ல போற தூரத்துல ஒரு சின்ன ஊர். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

தேக்கா தோழி சொன்ன காரணம் சரி. ஆனாலும் ஜெர்மனின்னா அவர் முன்னாடி போறதுதான் நல்லது. ஏன்னா வீடு. இங்க வாடகை வீடு கிடைக்கிறது அவ்வளவு கஷ்டம். வீடு கிடைச்சு குடிவந்த 2 வாரத்துக்குள்ள நகராட்சியில முகவரியைப் பதியணும், வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும். அந்தப் பதிவு இருந்தாத்தான் வரி எண், ஸ்கூல், அரசாங்கம் புள்ளைங்களுக்குக் குடுக்கிற மாசப் பணம் எல்லாம் நகரும். அந்தப் பணம் 2025-ல ஒரு பிள்ளைக்கு 255 யூரோ. ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு தற்காலிக ரூம்ல மாசக்கணக்கா இருக்கிறதுல யாருக்கும் சந்தோஷம் இருக்காது.

அதனால அவர் போகட்டும், வீட்டைப் பிடிக்கட்டும், பதியட்டும். அதோட நிறுத்திக்கட்டும். இதை அவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. இங்க நிறைய வாடகை வீட்டுல சமையல்கட்டே இருக்காது, அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் குடிவர்றவங்கதான் மாட்டணும். அதை அவர் மாட்டி வைக்க வேணாம். ஒரு மின்சார அடுப்பு, ரெண்டு பாத்திரம், ஒரு மெத்தைன்னு இருக்கட்டும். திரைச்சீலை, கட்டில், சமையல்கட்டு எல்லாம் நீங்க வந்து, நீங்க அளந்து, நீங்க கடைக்காரன்கிட்ட பேசி வாங்குங்க. முதல் மாசம் அலைச்சல்தான். ஆனா அந்த அலைச்சல்லதான் ஊரு உங்க ஊரா ஆகும்.

எப்ப வரலாம்னா, நிறைய பேர் ஆகஸ்ட்ல வர்றாங்க, செப்டம்பர்ல ஸ்கூல் திறக்குதுன்னு. நான் ஜூன்ல வரச் சொல்வேன். இந்த மாநிலத்துல மே கடைசி, ஜூன் தொடக்கத்துல பெந்தெகொஸ்தே லீவு விடுவாங்க. அது முடிஞ்சு ஜூலை கடைசி வரைக்கும் ஸ்கூல் இருக்கு. அந்த ஆறு ஏழு வாரத்துல புள்ளைங்க பாடம் எதுவும் கத்துக்க வேணாம். வகுப்புல நாலு முகம் பழகினாப் போதும். அப்புறம் வர்ற பெரிய லீவுல பார்க்குல அந்த முகங்களைப் பார்ப்பாங்க. ஆகஸ்ட்ல வந்தா ஊரே காலியா இருக்கும், வெளியூர் போயிருப்பாங்க. நம்ம ஊர்ல ஏப்ரல்ல பரீட்சை முடிஞ்சுடுறதால கணக்கு சரியா வரும்.

தடுப்பூசிப் புத்தகத்தைக் கைப்பையில வச்சுக்கங்க. 2020 மார்ச்லேர்ந்து இங்க தட்டம்மை தடுப்பூசி ரெண்டு தவணையும் போட்டதுக்கு ஆதாரம் காட்டணும்னு ஸ்கூலுக்கும் பாலர் பள்ளிக்கும் சட்டம். நம்ம ஊர்ல 9 மாசத்துலயும் ஒன்றரை வயசு வாக்குலயும் போடுறதுதான் அது. புத்தகம் தொலைஞ்சிருந்தா போட்ட இடத்துலயே கேட்டு எழுதி வாங்குங்க.

இனி உங்க விஷயம். ஆமா, ப்ளூ கார்டு மனைவிக்கு எந்த வேலையும் பார்க்கலாம். வர்றதுக்கு முன்னாடி ஜெர்மன் பரீட்சை எழுதணும்ங்கிற கட்டாயமும் இல்ல. கட்டாயம் இல்லைங்கிறதாலயே நிறைய பேர் படிக்காம வந்துடுறாங்க. நீங்க படிச்சுட்டு வாங்க. நுங்கம்பாக்கத்துல ஜெர்மன் சொல்லித் தர்ற மாக்ஸ் முல்லர் பவன் இருக்கு. அ, ஆ அளவுக்குத் தெரிஞ்சாலும், பேக்கரியில நின்னு உங்க வாயால ரெண்டு ரொட்டி கேட்டு வாங்கிடுவீங்க. முதல் வாரத்துல அதோட அருமை தெரியும்.

வந்தப்புறம் ஒருங்கிணைப்பு வகுப்பு. 600 பாடவேளை மொழிக்கு, 100 பாடவேளை நாட்டைப் பத்தி. பெரும்பாலும் ஊர் வி.எச்.எஸ்.ல நடக்கும், அது பெரியவங்க படிக்கிற பள்ளிக்கூடம். எனக்கு இங்க முதல் தெரு அந்த வகுப்புதான். பக்கத்து பெஞ்சுல சிரியாக்காரம்மா, முன்னாடி உக்ரைன்லேர்ந்து வந்த தாயும் மகளும். எங்களுக்குள்ள பொதுவா இருந்தது அரைகுறை ஜெர்மன் மட்டும்தான். எல்லாருக்கும் அரைகுறைங்கிறதால கூச்சமே இல்ல. இடைவேளையில ஒருத்தர் டப்பாவை இன்னொருத்தர் திறந்து பார்ப்போம். இப்பவும் வாரம் ஒருநாள் பேசிக்கிறோம்.

ஜெர்மன்காரங்க வீட்டு வாசல் தானா திறக்காது. அவங்க மோசமானவங்க இல்ல, அழைப்பு இல்லாம யார் வீட்டுக்கும் போற பழக்கம் கிடையாது, அவ்வளவுதான். வாசல் திறக்கிற இடம் ஸ்கூல். கோடை விழாவுக்கு அம்மாங்க பலகாரம் கொண்டுவரணும்னு ஒரு தாள் ஒட்டுவாங்க. பேர் எழுதுங்க. நான் கேசரி பண்ணேன். முந்திரி ஒத்துக்காத புள்ளைங்க இருக்கும்னு டீச்சர் முன்கூட்டியே சொன்னதால திராட்சை மட்டும் போட்டேன். ரவை, நெய், சர்க்கரை, ஏலக்காய்னு ஒரு அட்டையில எழுதித் தட்டு முன்னாடி வச்சேன், இங்க அப்படித்தான் வைக்கணும். குங்குமப்பூ நிறத்தைப் பார்த்து ஒரு அம்மா ரொம்ப நேரம் தயங்கி நின்னாங்க, அப்புறம் ஒரு துண்டு எடுத்தாங்க. திரும்பி வந்து தன் பையனுக்கு இன்னொண்ணு கேட்டாங்க. அடுத்த வாரம் கேட்டாண்ட அவங்களா வந்து பேசுனாங்க. நீங்க சொன்ன அந்த அரை மணி நேரப் பேச்சு இங்கயும் இருக்கு அக்கா. கொஞ்சம் தாமதமா வரும்.

குளிர்காலத்தைப் பத்தி ஒண்ணு. டிசம்பர்ல சாயந்திரம் நாலரைக்கே இருட்டிடும். அந்த மாசம் வர்றதுக்கு முன்னாடியே வாரத்துல மூணு நாளாச்சும் நீங்க கட்டாயம் வெளியில போகிற மாதிரி ஒரு வகுப்போ வேலையோ பிடிச்சு வச்சுடுங்க. இருட்டினப்புறம் தேடுறதுக்கு மனசு வராது.


காசிமேடு
திங்கள், இரவு 8.20

அண்ணி, கருவாடு எடுத்துனு போவலாமா? என் தங்கச்சியும் அந்தப் பக்கந்தான் போவுது, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கோ.


லோகோ ஒர்க்ஸ் மருமகள்
திங்கள், இரவு 9.05

போகலாம் தம்பி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள சொந்த உபயோகத்துக்கு மீன், கருவாடு 20 கிலோ வரைக்கும் கொண்டுவரலாம். கறி, பால், அதுலேர்ந்து செஞ்சது எதுவும் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் அதுல வந்துடும். கறிவேப்பிலை, காய்கறி, மாம்பழம் எல்லாத்துக்கும் செடி நலச் சான்றிதழ் கேட்பாங்க, தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் வேணாம். தங்கச்சிகிட்ட நெத்திலியை நல்லாக் காயவச்சு ரெண்டு மூணு உறை போட்டுக் கட்டச் சொல்லுங்க. வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்க.


வியாசை பர்மா
செவ்வாய், காலை 6.50

இந்த இழையைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. எங்க அப்பாவும் அம்மாவும் 1960களில் ரங்கூன்லேர்ந்து கப்பல்ல திரும்பி வந்தவங்க. 1962-ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சு கடை, தொழில் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம் வந்த கூட்டம். வியாசர்பாடியில குடியமர்த்துனாங்க. ரெண்டு பேரும் தமிழ்தான். ஆனா பொறந்தது வளர்ந்தது எல்லாம் அங்க. இங்க அவங்களைப் பர்மாக்காரங்கன்னுதான் கூப்பிட்டாங்க.

அம்மா சொல்வாங்க, முதல் ரெண்டு வருஷம் எங்க வரிசையில எல்லா வீட்டுலயும் பேச்சு ரங்கூனைப் பத்தியேதானாம். திரும்பிப் போனா இந்தக் கடையைத் திறப்போம், அந்த வீட்டை மீட்போம்னு. அதை நிறுத்துனது யாருன்னா, அத்தோ போட ஆரம்பிச்ச பொம்பளைங்க. ஆரம்பத்துல நம்ம ஆளுங்களுக்குன்னுதான் போட்டது. நூடுல்ஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, முட்டைகோஸ், பக்கத்துல வாழைத்தண்டு சூப்பு. தெருவுல போறவங்க என்னன்னு நின்னு பார்த்தாங்க. அவங்களுக்கும் குடுத்தாங்க. இவங்க காரம் சேர்க்கச் சொன்னாங்க, சேர்த்தாங்க. இன்னைக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் சாயந்திரம் அத்தோ சாப்பிட நிக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு அது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியும்? வடசென்னைச் சாப்பாடுன்னே ஆயிடுச்சு.

லோகோ மருமகள் கேசரி பத்தி எழுதுனதைப் படிச்சப்ப எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. நம்ம சாப்பாட்டை நாலு சுவத்துக்குள்ள நமக்காக மட்டும் சமைச்சா ஊர் ஞாபகம்தான் பெருசாகும். வெளியில இருக்கிறவனுக்கும் ஒரு தட்டு வைக்கணும். அவன் நாக்குக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாத்தினாலும் பரவாயில்ல.


நடத்துநர்
செவ்வாய், காலை 10.00

விசா ஏஜென்ட் தொலைபேசி எண்ணோட வந்த ரெண்டு பதிவுகளை நீக்கியிருக்கோம். இந்த இழையில விளம்பரம் வேண்டாம்.


மறுபடி பெரம்பூர்
செவ்வாய், மதியம் 1.40

நாங்க மியூனிக் பக்கத்துல இருந்துட்டு ஊருக்கே திரும்பினவங்க. திரும்புனது அப்பாவோட உடம்புக்காக, அந்த ஊர் பிடிக்காம இல்ல. அதனால ரெண்டு பக்கமும் நின்னு பேச முடியும்.

எல்லாரும் போன இடத்துல ஒட்டுறதைப் பத்தியே பேசுறீங்க. தண்டையார்பேட்டையில விட்டுட்டுப் போற அம்மாவைப் பத்தியும் பேசணும். அவங்க இங்க நிம்மதியா இருந்தாத்தான் நீங்க அங்க நிம்மதியா இருப்பீங்க. ராத்திரி போன் அடிச்சாலே வயித்துல புளியைக் கரைக்கிற நிலைமையில எந்த ஊர்லயும் ஒட்ட முடியாது.

நாத்தனார் இருக்காங்க, சரி. ஆனா அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. தெருவுலயே ஒருத்தர்கிட்ட வீட்டுச் சாவி குடுங்க, உங்க டியூஷன் புள்ளைங்க அம்மாக்கள்ல ஒருத்தராவே இருக்கலாம். அவங்களுக்கு உங்க நம்பர் மட்டும் பத்தாது, நாத்தனார் நம்பர், வழக்கமா பார்க்கிற டாக்டர் நம்பர் எல்லாம் எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க. மாத்திரைச் சீட்டை போட்டோ எடுத்து நீங்களும் வச்சுக்கங்க. அவங்க பேர்ல இருக்கிற வங்கிக் கணக்குக்கு நாமினி இருக்கான்னு பாருங்க. குடும்ப அட்டையில உங்க பேரையெல்லாம் நீக்கினப்புறம் அவங்க பேர்ல அட்டை ஒழுங்கா ஓடுதான்னு ஒரு மாசம் ரேஷன் வாங்கிப் பார்த்துட்டே கிளம்புங்க.

ஒரு விஷயத்துல மத்தவங்களோட எனக்குக் கருத்து வேறுபாடு. புது ஊர்ல ஒட்டணும்னா சென்னைக்குப் போன் பேசுறதைக் குறைக்கணும்னு பொதுவா ஒரு அறிவுரை உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். குறைக்க வேணாம், நேரத்தைக் கட்டுங்க. கோடையில மூணரை மணி நேரம், குளிர்காலத்துல நாலரை மணி நேரம் வித்தியாசம். நீங்க சாயந்திரம் சமைக்கும்போது இங்க பாட்டி தூங்குற நேரம். அதனால தினமும் மத்தியானம் புள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வந்து சாப்பிடும்போது பாட்டி திரையில உட்கார்ந்திருக்கட்டும். அன்னைக்கு ஸ்கூல்ல நடந்ததை அவங்ககிட்ட தமிழ்ல சொல்லட்டும். எங்க பொண்ணு தமிழ் மறக்காம இருந்ததுக்கு அதுதான் காரணம். ஆனா நாள் முழுக்க காதுல ஹெட்போனோட இருக்கிறது வேற. அப்ப கால் மட்டும்தான் அங்க இருக்கும்.

சனிக்கிழமையில ஈழத்தமிழர்கள் நடத்துற தமிழாலயம் உங்க பக்கம் இருக்கான்னு விசாரிங்க. 1980களில் போய் எல்லாத்தையும் இழந்த நிலைமையிலயும் அடுத்த தலைமுறைக்குத் தமிழ்ப் பள்ளி கட்டினவங்க அவங்க. அவங்க பேசுற தமிழும் நம்ம தமிழும் கொஞ்சம் வேற. புள்ளைங்க அதையும் கேட்கட்டும், நல்லது. நீங்க டியூஷன் எடுத்தவங்க, அங்க போய்க் கற்பிக்க விரும்புறேன்னு கேட்டுப் பாருங்க.

கடைசியா லீவு. ஸ்கூல் நாள்ல அனுமதி இல்லாம புள்ளைங்களை நிறுத்தினா அபராதம் போடுவாங்க, விமான நிலையத்துலயே கேட்டதும் உண்டு. பொங்கலுக்கு வர முடியாது. ஆனா ஜூலை கடைசியிலேர்ந்து செப்டம்பர் ரெண்டாவது வாரம் வரைக்கும் லீவுங்கிறதால ஆடி மாசத்தோட பின்பாதி கையில இருக்கு. தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறப்ப நீங்க இங்க இருக்கலாம். அம்மாகிட்ட இதை இப்பவே சொல்லிடுங்க. அவங்க அங்க வர மனசு மாறினாலும், விசிட் விசாவுல 180 நாள்ல 90 நாள்தான் இருக்க முடியும்.


தண்டையார்பேட்டை அம்மா
செவ்வாய், இரவு 9.30

ஒவ்வொண்ணையும் அவருக்குப் படிச்சுக் காட்டினேன். ஆடி மாசம்னு சொன்னதும் மாமியார் முகத்துல ஒரு தெளிவு வந்தது. அண்ணா, உங்களுக்கு ரொம்ப நன்றி. சமையல்கட்டை மாட்ட வேணாம்னு அவர்கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டார்.

பையன் விஷயம் யாரும் இன்னும் சொல்லல. அவன்கிட்ட நான் என்ன பேசுறது?


லோகோ ஒர்க்ஸ் மருமகள்
புதன், மாலை 5.15

அதைத் தனியா எழுதணும்னுதான் விட்டு வச்சேன் அக்கா.

12 வயசுக்காரனுக்கு இது பெரிய இழப்பு. அங்க எல்லாம் சூப்பரா இருக்கும்டான்னு ஆசை காட்டாதீங்க, அவன் நம்ப மாட்டான். டீமை விட்டுட்டுப் போறது கஷ்டம்தான்னு நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க. அப்புறம் அந்த ஊர்ல என்னென்ன கிளப் இருக்குன்னு அவனையே தேடச் சொல்லுங்க. இங்க சின்ன ஊருக்கும் ஒரு விளையாட்டுச் சங்கம் இருக்கும், ஃபெராய்ன்னு சொல்வாங்க, வயசு வாரியா ஃபுட்பால் அணி வச்சிருப்பாங்க, சந்தா பெருசா இருக்காது. பயிற்சிக்கு வந்த வாரமே போகலாம். ஆனா 10 வயசுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பிள்ளைக்கு மேட்ச் ஆடுற பாஸ் குடுக்கணும்னா சங்கம் சர்வதேச அனுமதி கேட்டு எழுதணும், அதுக்குச் சில வாரம் பிடிக்கும். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், உங்க பதிவுத் தாள் எல்லாம் கேட்பாங்க. இதை அவனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. தெரியாம வந்து ஞாயித்துக்கிழமை மேட்ச்ல வெளியில உட்கார்ந்தா மனசு உடைஞ்சுடும்.

எங்க தெருவுல ஒரு பையன், நம்ம வியாசர்பாடிதான். ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது. முதல் நாள் பயிற்சியில பந்தை வாங்கி ரெண்டு பேரைத் தாண்டி எடுத்துட்டுப் போனான். முடிஞ்சதும் ஒருத்தன் தண்ணி பாட்டிலை அவன்கிட்ட தூக்கிப் போட்டான். ஸ்கூல்ல அவனுக்கு அப்படி ஒரு நாள் வர்றதுக்கு அதுக்கப்புறம் எத்தனையோ மாசம் ஆச்சு.

ஸ்கூல்ல முதல்ல மொழி தயாரிப்பு வகுப்புல போடுவாங்க. பின்னாடி தள்ளிட்டாங்கன்னு நினைக்காதீங்க. கணக்குல நம்ம புள்ளைங்க முன்னாடி இருப்பாங்க, மொழி வந்ததும் இடம் பிடிச்சுக்குவாங்க.

இன்னொண்ணு, இதை அழுத்திச் சொல்றேன். ஆறே மாசத்துல அவன் உங்களை விட நல்லா ஜெர்மன் பேசுவான். அவனைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போய் உங்க உடம்பைப் பத்தி அவன் வாயால சொல்ல வைக்காதீங்க. வாடகைப் பிரச்சினை, அரசாங்கக் கடிதம் எதுக்கும் அவனைத் துபாஷியா நிறுத்தாதீங்க. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியலைன்னு அவனுக்குக் கோபமும் வரும், பயமும் வரும். உங்க அரைகுறை ஜெர்மன்ல நீங்களே பேசுங்க, முடியலைன்னா வகுப்புத் தோழியைக் கூட்டிட்டுப் போங்க. நீங்க திக்கித் திக்கிப் பேசுறதை அவன் பார்க்கட்டும். அவனுக்கும் தைரியம் வரும்.

பொண்ணு வந்ததும் சில மாசம் வகுப்புல வாயே திறக்காம இருக்கலாம். அந்த வயசுல அது சகஜம், உள்ள கேட்டுக்கிட்டே இருப்பா. வீட்டுல தமிழ்ல பேசுறதை நிறுத்தாதீங்க, சில பேர் சீக்கிரம் கத்துக்கட்டும்னு வீட்டுலயும் ஜெர்மன் பேசச் சொல்வாங்க, கேட்காதீங்க. எல்லாத்துக்கும் சரிங்குறான்னு எழுதியிருந்தீங்க. அவளுக்கு வேணாம்னு சொல்ல ஒரு விஷயம் குடுங்க. அவ ரூம்ல என்ன கலர், எந்தப் பொம்மை பெட்டியில வரணும், எது அங்கயே இருக்கணும்னு அவளே முடிவு பண்ணட்டும். நீச்சல் வகுப்புல சேர்த்துடுங்க. இங்க குதிச்சு 25 மீட்டர் நீந்தி, தோள் அளவு தண்ணியில கீழ கிடக்கிற பொருளை எடுத்தா கடல்குதிரை பேட்ஜ் குடுப்பாங்க. அவ வயசுப் புள்ளைங்க எல்லாம் நீச்சலுடையில அதைத் தச்சுக்கிட்டுத் திரியும். பேச்சு தேவைப்படாத இடத்துல முதல்ல ஜெயிக்கட்டும்.


தேக்கா கொருக்குப்பேட்டை
புதன், இரவு 7.50

ஒண்ணாப் போங்கன்னு சொன்னேன். வீட்டை வெறுமையா வச்சிருக்கணும்னு லோகோ தோழி போட்ட நிபந்தனையோட அவர் முன்னாடி போறதுன்னா எனக்கும் சம்மதம். துபாஷி விஷயம் இங்கயும் அப்படியேதான்.


தண்டையார்பேட்டை அம்மா
சனி, காலை 11.20

முடிவு சொல்லிடுறேன். அவர் ஜனவரியில போறார். நாங்க பரீட்சை முடிச்சு, ஜூன்ல அந்த லீவு முடியுற வாரம் போறோம். பிறப்புச் சான்றிதழ்ல பொண்ணு பேர் ஏறலை, மண்டல ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு. நான் ஜெர்மன் வகுப்புல பேர் குடுத்துட்டேன், மெட்ரோவுல போய் வரேன். பையன் நேத்து ராத்திரி அவனா மூணு கிளப் பேர் எழுதி வச்சிருந்தான். வரேன்னு இன்னும் வாயால சொல்லல.

சாவியை எதிர் வீட்டு அக்காகிட்ட குடுக்கிறதா பேசியாச்சு. சின்னப் புள்ளைங்க டியூஷனை எங்கிட்டயே படிச்சு இப்ப காலேஜ் போற பொண்ணு ஒருத்தி எடுத்து நடத்துறேன்னு சொல்லியிருக்கா, எங்க மாடிப்படியிலயே. மாமியாருக்கும் சாயந்திரம் ஆள் நடமாட்டம் இருக்கும்.

இட்லி மாவுக்கு கிரைண்டர் எடுத்துட்டுப் போறதா வேணாமா?


லோகோ ஒர்க்ஸ் மருமகள்
சனி, மதியம் 2.35

இங்கயும் 230 வோல்ட்தான், அதனால நம்ம மிக்ஸி, கிரைண்டர் ஓடும். மூணு முனை பிளக் நுழையாது, மாத்தி வச்சுக்கங்க. டேபிள்டாப் கிரைண்டர்னா கல்லைக் கழட்டித் துணியில சுத்தி, கல்லு ஒரு பெட்டியிலயும் டிரம்மு இன்னொரு பெட்டியிலயும் வைங்க, எடை பிரியும். பெரிய கிரைண்டர் வேணாம். ராத்திரி பத்து மணிக்கு மேலயும் ஞாயித்துக்கிழமையும் ஓட்டாதீங்க, கீழ் வீட்டுல கேட்கும். குளிர்காலத்துல மாவு புளிக்கலைன்னா ஓவனைச் சூடாக்காம உள்ள இருக்கிற விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க அதுல வைங்க, காலையில பொங்கியிருக்கும்.

வந்து இறங்கினதும் இங்கயே எழுதுங்க அக்கா. எங்க ஊர் ரயில்ல அரை மணிதான். சமையல்கட்டு அளக்க நான் வர்றேன்.


காசிமேடு
சனி, மதியம் 3.10

தங்கச்சியும் ஜூன்லதான் போவுது அக்கா, கார்ல்ஸ்ரூஹெ. கிட்டதானே? அது நம்பரை தனி மெசேஜ்ல அனுப்புறேன்.